கட்டாயமில்லாத காலுறை

ஜெர்மனியில், ஹனோவர் ட்ராமில் எனக்கு முன்னால் நம் ஈழத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் நீளக் காலுறைக்கு மேல் ஹோட்டல் சீருடைப் பாவாடையைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள்.

"வேலையில இனி ஸ்ரொக்கிங்ஸ் கட்டாயமில்லையாம் அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"உனக்கென்ன விசரே? இந்த வெக்கைக்குக் கழட்டி எறி."

"கழட்டினால் சண்டையில காலில ஷெல் பட்ட தழும்பு தெரியும். எல்லாரும் வெறுங்காலோட நிக்கேக்க நான் மட்டும் போட்டால், ஏனெண்டு கேப்பினம். அந்தக் கதையெல்லாம் சொல்ல என்னால ஏலாது."

"நாய் கடிச்சதெண்டு சொல்லன்," என்று மூத்தவள் சிரித்தாள்.

இளையவள் சிரிக்கவில்லை.

"மகளுக்கு அப்பிடித்தான் சொன்னனான் அக்கா. அந்த நாளிலயிருந்து அவள் நாய்க்குட்டியைக் கண்டாலே நடுங்குறாள். பள்ளிக்கூடத்துக்கும் தனிய போகமாட்டாளாம்."