பத்தொன்பது ஆண்டுகள் ஒரு போர் விமானத்தைப் பறக்கவிடாமல் காத்தவருக்கு

கரி படிந்த கையும் கறை படியாத நெஞ்சும் கொண்டு, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் தலைமை மெக்கானிக் அவர்களே, திருகாணியின் தேய்மானத்தைத் தொட்டே அறியும் விரல் வித்தகரே, அண்ணே, வணக்கம்.

தங்கள் பெருமையைச் சொல்லுமுன் அந்த ஒற்றை இருக்கைப் போர் விமானத்தின் பூர்வீகத்தைச் சொல்லியாக வேண்டும். போரில் அது சுட்டது ஒரே ஒருமுறை. அதுவும் சொந்தப் படையின் தண்ணீர்த் தொட்டியை. போர் ஓய்ந்ததும் ஏலத்தில் ஒரு விவசாயி அதைச் சக்கரங்களுக்காக வாங்கினார். சக்கரங்கள் வண்டிக்குப் போயின, விமானியின் இருக்கையில் கோழிகள் குடியேறின. அவரிடம் வாங்கிய பல் மருத்துவர், காத்திருக்கும் நோயாளிகளுக்குப் பராக்காக இருக்கட்டுமென்று மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். அதைப் பார்த்து வலி மறந்து பாதிப் பேர் வீடு திரும்பியதால் தொழில் படுத்துவிட்டது. மூன்றாவதாக வாங்கிய வெளியூர் மில் முதலாளி அம்மாள்தான் இறக்கை வேறு, உடல் வேறாக லாரியில் ஏற்றிவந்து நம் பணிமனைக் கொட்டகையில் இறக்கினார்.

"எப்பப் பறக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் போதும்மா" என்றீர்கள்.

பத்தொன்பது ஆயிற்று. ஏழாம் ஆண்டிலேயே இன்ஜின் குறையின்றி ஓடியது. ஆனால் அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், விமானத் தகுதி ஆய்வாளர் வருவதற்கு முந்தின வாரம், தாங்களே ஒரு குறையைக் கண்டெடுத்தீர்கள். ஒருமுறை வாலில் ஆணிகள் சரியில்லை. மறுமுறை பெயின்ட் கனம் கூடிவிட்டது. "பறந்தா அந்தம்மா ஊருக்குப் போயிரும்டா" என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஸ்டோர்கீப்பரிடம் வாய்தவறிச் சொன்னீர்கள். அவர் அந்த ரகசியத்தை எங்கள் நாற்பது பேரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வேலை பார்த்த கையே, பறக்கலாம் என்ற இறுதிக் கையெழுத்தும் இட வேண்டும் என்பது நம் பணிமனையின் வழக்கம். அந்தக் கை ஓய்வு பெற்றுவிட்டால், வேறொரு கை முதல் ஆணியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அம்மாளுக்கோ வயது எண்பத்து நான்கு. நேற்று மூன்று மணிக்குச் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார்.

"தம்பி, நீங்க நாளைக்குக் கிளம்புறீங்க. நானும் ரொம்ப நாள் இருக்கப் போறதில்ல. முதல்ல இதைக் கிளப்பி விடுங்க."

தாங்கள் பேனாவில் மை இல்லை என்றீர்கள். ஐந்து பேர் பேனா நீட்டினோம். கையெழுத்திட்டீர்கள். அம்மாள் கூட்டிவந்திருந்த விமானி ஏறிக் கிளப்பினார்.

மல்லாந்து படுத்து, மூக்குக்கு ஒரு சாண் மேலே பத்தொன்பது ஆண்டுகள் தாங்கள் பார்த்த அந்த விமானத்தின் வயிற்றை, கட்டைவிரல் அளவாக வானத்தில் பார்த்தீர்கள். ஒரு வட்டம் அடித்துவிட்டு அது அம்மாளின் ஊர்ப் பக்கம் திரும்பியது.

"அங்கயே கொஞ்சம் நின்னுட்டுப் போகட்டுமே" என்றீர்கள்.

விமானம் வானத்தில் நின்றால் விழும் என்று எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவரே தாங்கள்தான். ஆனாலும் எல்லோரும் அண்ணாந்தபடி, நிற்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காதும் முழங்காலும் கைவிடாமல், அண்ணியோடு நெடுநாள் நலமே வாழ்க.

அன்பு மாறாத,
பணிமனைத் தோழர்கள் நாற்பது பேர்