நேராக நின்ற பிக்கப்

பெரிய காஞ்சிபுரத்துப் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பிக்கப். பிணம் ஏற்றும் சொர்க்க ரதத்தை இழுத்துப்போகிற வண்டி. அன்று ரதம் மாட்டியிருக்கவில்லை. டிரைவர் பக்கத்து பைக்கில் இருந்த மெக்கானிக்கிடம் சொன்னது காதில் விழுந்தது.

“ரதத்த கழட்டியும் நேத்து பின்பக்கம் எழும்பலண்ணே. யாரோ குந்திக்கினு இருக்கற மாதிரியே இருந்துது.”

“இழுத்து இழுத்து ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கும்பா. இன்னொரு பட்டை வெச்சா தூக்கிடும்.”

“இன்னிக்கே வெச்சுக் குடுண்ணே.”

“சுடுகாட்டுல இருந்து திரும்பும்போது டயர்ல எலுமிச்சம்பழம் நசுக்கினியா?”

“மழைல மறந்துட்டேன்.”

“அப்போ ஒரு டிக்கெட்டு கூடவே வந்துருச்சு, போ.”

சிரித்தபடி பின்சக்கரத்தருகே குனிந்த மெக்கானிக் சிரிப்பை நிறுத்தினார்.

“நேராத்தானே நிக்குது?”

டிரைவரும் குனிந்து பார்த்தார். “ராத்திரி நிறுத்தறப்போ எறங்கித்தான் இருந்துது.”

“எங்க நிறுத்தின?”

“வீட்டு வாசல்ல.”

“வீட்ல யாரு இருக்குறாங்க?”

“அவளும், பொறந்த புள்ளையும்தான்.”

சொல்லும்போதே டிரைவர் வண்டியில் ஏறிவிட்டார். காற்றுகூட அடிக்காமல் வந்த வழியே திருப்பினார். வேகத்தடையில் வண்டியின் பின்பக்கம், பாரமே இல்லாததுபோல், துள்ளி இறங்கியது.