ஒன்பதாவது டிராக்

மேடம், பாக்கியமேரி அம்மா வீட்டு மாடியில் காற்று நன்றாக வரும். ஸ்ரீரங்கத்தில் அண்ணன் பிள்ளைகளின் கூச்சல் தாங்காமல்தான் மூன்று வருடத்துக்கு முன் பாலக்கரையில் அவர் வீட்டுக்குக் குடிவந்தேன். நான் இசை செய்கிறவன். எனக்கு அமைதி வேண்டும்.

பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் கேட்கும் சத்தங்களைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வெட்டி, இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையின் பெல்ட், கொள்ளிடம் பாலத்து ரயில், முக்கொம்பு மதகுத் தண்ணீர். ஆல்பத்துக்கு எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒரு மனிதக் குரல்தான் இல்லை.

அது கீழ்வீட்டிலேயே இருந்தது. பாக்கியமேரி அம்மாவின் மகன் ஆசீர் பரீட்சையில் தோற்றபோது, "இனி என் முகத்துல முழிக்காத" என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காக வீட்டைவிட்டுப் போனவன். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. ஒருநாள் புது சிம்மைச் சோதிக்க அம்மாவின் எண்ணை அழைத்தேன். நான் வாய் திறப்பதற்குள், "ஆசீரா?" என்றார்.

நான் பதிவை ஓடவிட்டேன்.

"பேச வேணாம்ப்பா. கட் பண்ணாம இரு, போதும். அம்மா பேசுறேன்."

பதினொரு நிமிடம் பேசினார்.

அதன்பின் புதன்கிழமைதோறும் மாலை மூன்றரைக்கு அழைத்தேன். போனில் ஒரு பதிவு. மாடிப்படியில் மைக் வைத்து இன்னொன்று. அவருக்கும் நல்லதாகத்தான் இருந்தது. வேளைக்குச் சாப்பிட ஆரம்பித்தார், மாத்திரை போட்டார். "அவன் பேச மாட்டேங்கிறான் தம்பி, ஆனா கேக்குறான்" என்று எனக்கு மீன் குழம்பு கொண்டுவந்து தந்தார். அவர் விம்மலைப் பதினாறு மடங்கு மெதுவாக்கினால் கோயில் மணி மாதிரி கேட்கும். எட்டு டிராக் முடிந்தன.

பிப்ரவரியில் திருப்பூரிலிருந்து ஆசீர் என்னை அழைத்தான்.

"அழகிரி அண்ணே, அம்மா கோவம் போயிடுச்சா? நான் வரலாமா?"

இன்னும் ஒரு டிராக் மீதி இருந்தது.

"இப்ப வேணாம் ஆசீர். உன் பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறாங்க."

"சரிண்ணே. அவங்களைப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டான்.

அடுத்த புதன்கிழமை அம்மா போனில் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஆசீர் லாட்ஜ் அறையில் உயிரை விட்டுவிட்டான் என்றார். "அம்மாவுக்கு நான் வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தானாம். அம்மா பதறவில்லை.

"அது வேற யாரோ சார். என் மகன் இதோ லைன்ல இருக்கான். நீங்களே பேசிப் பாருங்க."

போனை வாங்கிக்கொண்டு போலீஸ்காரர், "ஹலோ, யாருங்க பேசுறது?" என்றார்.

துண்டித்திருக்கலாம். ஆனால் பதிவு அவ்வளவு சுத்தமாக வந்துகொண்டிருந்தது. எங்கும் வெட்டாமல், அப்படியே ஒன்பதாவது டிராக்காக வைத்தேன்.

அந்த எண்ணை வைத்துத் தேடி நீங்கள் மாடிப்படி ஏறி வந்தது முறைதான், இன்ஸ்பெக்டர் மேடம். அழைத்தது நான். ஆசீரை வரவேண்டாம் என்று சொன்னதும் நான். மகன் உயிரோடிருக்கிறான் என்று அம்மா உடலை வாங்க மறுக்கிறாராமே. நாளை புதன்கிழமை. மூன்றரைக்கு, நீங்கள் பறிமுதல் செய்த அந்தப் போனை ஒரு பத்து நிமிடம் கொடுங்கள், போதும். அவரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.