மயில்கழுத்து நிறத்தில் எட்டுப் பேர்

“யானைய வித்துட்டு எலியப் பிடிச்சுட்டு வந்திருக்கிய. இதத் தூக்கிக்கிட்டுக் கல்யாண வீட்டு வாசல்ல போயி நின்னா, போட்டோக்காரர் இன்னும் வரலையான்னு உங்ககிட்டயே கேப்பான்.”

“மெதுவாப் பேசுட்டி. பக்கத்து வீட்டுல கேக்கும்.”

“கேக்கட்டும். அந்தக்காவுக்குக் கேக்காம இந்தத் தெருவுல எது நடந்திருக்கு?”

அந்தக்கா நான்தான். பெயர் நாச்சியார். கத்திக்கொண்டிருந்தவள் முத்துச்செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி. கெஞ்சிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் வீரபாகு, தென்காசி வட்டாரத்தில் கல்யாணப் போட்டோ எடுப்பவன். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் ரசத்தில் உப்புக் குறைந்தால் என் நாக்குக்குத் தெரியும். அன்றைக்குக் கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வேலையை முடிக்காமல் எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லை.

யானை என்று அவள் சொன்னது பெரிய கேமராவை. முழங்கை நீளத்துக்கு லென்ஸ், ஒரு கையால் தூக்க முடியாது. சாரல் காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று ஒரு மரப்பெட்டிக்குள் சின்ன பல்பை எரியவிட்டு, அதற்குள்தான் அதைப் படுக்க வைப்பான் வீரபாகு. பெண்டாட்டிக்குக்கூட இந்த வெதுவெதுப்புக் கிடைத்திருக்காது என்று தெருவில் முதலில் சொன்னதும் நான்தான். அந்தக் கேமராவைக் கொல்லத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சட்டைப் பையில் போடுகிற அளவில் ஒரு வெள்ளிநிறக் கேமராவை வாங்கி வந்திருந்தான். அது எலி.

ஏன் மாற்றினான் என்று தெருவில் கேட்பவர்களுக்கு, மணிக்கட்டு வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு கல்யாணம். எங்கள் தெருப் பெண். அவளுடைய சேக்காளிகள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே கடையில், ஒரே நிறத்தில், மயில்கழுத்துச் சேலை எடுத்தார்கள். இப்போது அதுதான் வழக்கம்; பள்ளிக்கூட யூனிஃபார்ம் போல வந்து நிற்பார்கள். ரவிக்கையும் ஒரே தையல்காரர், முதுகில் கயிறு வைத்து, நுனியில் சிவப்புக் குஞ்சம். எட்டுப் பேரில் ஒருத்தி என் மகள் அபர்ணா. இன்னொருத்தி உமாராணி, எதிர்வரிசையில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த இசக்கிதுரை அண்ணாச்சியின் மகள். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே கல்லூரி.

முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஐந்தருவிப் பக்கம் படகுத் துறைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தான் வீரபாகு. மூன்று வாரம் கழித்து, ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவதற்காகப் பெண்ணின் அம்மா குருவம்மாள் அவன் வீட்டுக்கு வந்தாள். குருவம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் நானும் கூடப் போனேன். கூப்பிட்டாளா என்று கேட்காதீர்கள்.

வீரபாகுவுக்கு அந்தக் கேமராவில் அத்தனை பெருமை. “பாருங்கக்கா, பொண்ணு மூக்குத்தியில கல்ல எண்ணலாம்” என்று கம்ப்யூட்டரில் பெரிசாக்கினான். எண்ணினேன், ஏழு. “பின்னாடி மரத்துல இருக்க எறும்புகூடத் தெரியும்” என்று படத்தைப் பின்பக்கம் நகர்த்தினான். எறும்பு தெரியவில்லை. நாற்பது அடி தள்ளி மரத்தடியில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. மயில்கழுத்துச் சேலை, நீளப் பின்னல். அவள் தோளில் ஓர் ஆணின் கை, மணிக்கட்டில் காப்பு. ஆள் மரத்துக்கு அந்தப் பக்கம்.

“யாரு தம்பி இது?” என்றாள் குருவம்மாள்.

பெயரில்லாமல் ஒரு முதுகு இருந்தால் எங்கள் தெரு தூங்காது. எட்டு வீட்டுக் கதவையும் தட்டும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “உமாராணில்லா” என்றேன்.

“மூஞ்சி தெரியலையேக்கா” என்றான் வீரபாகு.

“பின்னலப் பாத்தா தெரியாதா தம்பி? நான் பாத்து வளந்த பிள்ள.”

அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. குருவம்மாள் அங்கே இருந்தாள். அவள் காதில் போடுவதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்று. சாயங்காலம் நான் பால் வாங்கப் போனபோது, பால்காரரே எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னார். அதில் ஒரு மோட்டார் பைக்கும் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் உமாராணி என் வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

“அத்தை, நான் அந்தப் பக்கம் போகவே இல்ல. குருவம்மாக்கா பேரனுக்குப் பால் காய்ச்சிக்கிட்டு மண்டபத்து அடுக்களையில நின்னேன். நீங்க நெசமாவே என்னையா பாத்திய?”

சாட்சிக்கு அவளிடம் இருந்தது ஒன்பது மாதக் குழந்தை ஒன்று.

“நான் என்னத்தப் பாத்தேன், கிழட்டுக் கண்ணு. பேசிப் பேசி ஓஞ்சிருவாங்க, நீ காப்பியக் குடி” என்றேன். குடித்தாள். உள்ளறைக் கதவைப் பார்த்து, “அபர்ணா எங்க அத்தை?” என்றாள். தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்றேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. உமாராணி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நல்ல வளர்ப்பு.

அந்த வாரமே இசக்கிதுரை அண்ணாச்சி, வீரபாகு வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினார். பட்டாளத்து மனிதர், நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சி, நீயும் ஒரு பிள்ளயப் பெத்தவ. தெளிவாச் சொல்லு. இது எம் பிள்ளையா? அவன் பேரக் கேட்டா, தெரியாதுங்கா. எத்தன அடிச்சாலும் தெரியாதுங்கா.”

ஒரு நிமிடம் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பிறகு சொன்னேன்:

“அண்ணாச்சி, எட்டுப் பேருல ஏழு பேரு எம் பக்கத்துல பந்தியில இருந்தாங்க. ஒரு இலைதான் காலியாக் கெடந்துது.”

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். கும்பிட்டதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

உமாராணியைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள். அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். இல்லாத ஒருவனுடைய பெயரை அவளிடம் தினமும் கேட்டார்கள். ஆவணி பிறந்து நாலாம் நாள், அச்சன்புதூரில் அவர்கள் வயல் கிணற்றில் அவளை எடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்தாள் என்று எழுதி முடித்தார்கள். தானாக விழுந்தாளா, எப்படி என்று நான் விசாரிக்கவில்லை. என் வயதில் நான் விசாரிக்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

சாவு வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் வீரபாகு. அதற்குப் பிறகு அவனுக்குத் தொழில் ஓடவில்லை. செங்கோட்டையில் ஒரு வளைகாப்பில் கேமராவைக் கண்ணில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டானாம். வளையல் போட வந்த பெண்களுக்குப் பின்னால் இன்னொரு முதுகு தெரிந்ததாம், மயில்கழுத்து நிறத்தில். கேமராவை இறக்கினால் இல்லை, வைத்தால் இருக்கிறது. பாதியில் திரும்பி வந்துவிட்டான்.

“நான் அன்னைக்குப் பெரிசாக்கிக் காட்டாம இருந்திருந்தா அந்தப் பிள்ள இருந்திருக்கும்லாக்கா” என்பான். ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டாயா தம்பி என்று கேட்பேன்.

இதோடு நின்றிருந்தால் யானை இன்னும் அந்த மரப்பெட்டியில்தான் படுத்திருக்கும். ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். ஒரு மாதமாக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

“யக்கா, உமாராணி ரவிக்கையில சிவப்புக் குஞ்சம்லா. முகூர்த்தத்துல எடுத்த படத்துல நல்லாத் தெரியுது. மரத்தடியில நிக்கிற பிள்ள முதுகுல மஞ்சக் கயிறுல்லா கட்டியிருக்கு.”

“வெயில் பட்டு அப்படித் தெரியும்.”

“இல்லக்கா. இது நல்ல கேமரா, நிறம் மாறாது. எட்டுப் பேரு முதுகும் எங்கயாவது விழுந்திருக்கும். ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணாப் பாக்கப் போறேன். அது உமாராணி இல்லன்னா, இசக்கிதுரை அண்ணாச்சி கால்ல போயி விழுந்திருவேன்.”

கீரைச் சுளகை இறக்கி வைத்தேன். முத்துச்செல்வி அந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நேத்து விளக்கு வைக்கிற நேரம் உம் பொண்டாட்டி படியிறங்குனா. அவ பின்னாலயே ஒருத்தி இறங்குனா. மயில்கழுத்துச் சேலை. உங்க வீட்டுக்குள்ளேயிருந்துதான் வந்தா. செத்தவள அந்தப் பெட்டிக்குள்ள வச்சு வெளக்குப் போட்டு வளக்கியே, வயித்துப் பிள்ளக்காரி இருக்க வீட்டுல இது நல்லதா?”

அன்றைக்கே கம்ப்யூட்டரில் இருந்த அந்தக் கல்யாணப் படங்கள் அத்தனையும் அழிந்தன. அந்த வாரக் கடைசியில் கேமராவும் போனது. எலியைக் காட்டுவதற்காக என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தான்.

“இதுல பெரிசாக்கினா ஆளு கட்டங்கட்டமா உடைஞ்சு போயிரும்க்கா. பின்னாடி யாரு நின்னாலும் தெரியாது. எனக்கு இது போதும்.”

நல்ல முடிவு என்றேன். அதன் பிறகுதான் நீங்கள் முதலில் கேட்ட அந்தச் சண்டை.

குற்றாலத்துக் கல்யாணத்தன்று காலையில், மண்டபத்து அறையில் ஒரு பெண்ணின் ரவிக்கைக் கயிறு அறுந்துபோனது. குஞ்சத்தோடு கையில் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் அவசரத்துக்கு என்ன கிடைக்கும்? காப்புக் கட்ட மஞ்சள் தேய்த்து வைத்திருந்த நூல் கிடந்தது. நாலாக முறுக்கி, நானே கோர்த்து, நானே முடிச்சுப் போட்டேன். என் முடிச்சு இடப்பக்கம் சாயும். கம்ப்யூட்டரில் வீரபாகு பெரிசாக்கியபோது அந்த முடிச்சைத்தான் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்தில் இருந்தது ஏழு பேர் இல்லை, ஆறு பேர். காலியாகக் கிடந்த இலை, என் மகளுக்காக நான் போட்டுவைத்திருந்த இலை.

அந்தப் படத்தைப் பார்த்த நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை அபர்ணாவைப் பார்க்கக் குமரகுரு வீட்டார் வருவதாக இருந்தது. கோயம்புத்தூரில் நல்ல வேலை, ஒரே பையன். அப்பா இல்லாத பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் இன்னொரு தடவை அமையாது. உமாராணிக்கு அப்பா இருந்தார், போலீஸில் அண்ணன் இருந்தான், வயல் இருந்தது. தாங்கக்கூடிய குடும்பம் என்று கணித்தேன். என் கணிப்பு கொஞ்சம் தவறிவிட்டது.

படம் அழிந்த மறுநாள், கொடியில் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். அபர்ணாவின் மயில்கழுத்துச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அதே நிறத்தில் இன்னொன்று. துணிக்குப் பின்னல் இருக்காது என்பது எனக்கும் தெரியும். எடுக்காமல் உள்ளே வந்துவிட்டேன். இரண்டு நாள் மழையில் நனைந்து கிடந்தது. வீரபாகுவிடம் நான் சொன்னது பொய்தான். அதைச் சொன்னபோது பொய்யாக இருந்தது.

அபர்ணா ஒரே ஒரு தடவை கேட்டாள். “அம்மா, நீ பாத்தது யாருன்னு ஒனக்குத் தெரியும்லா?” என்றாள். சோறு ஆறுகிறது என்றேன். அந்தக் கை யாருடையது என்று நானும் கேட்கவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை.

தை மாதம் அவளுக்கும் குமரகுருவுக்கும் கல்யாணம் நடந்தது. வீரபாகுதான் படம் எடுத்தான், எலியை வைத்து. ஆல்பம் பரவாயில்லை. மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் சேக்காளிகளை எண்ணினால் சில நாள் ஆறு, சில நாள் ஏழு வருகிறது. ஆறு பேரைத்தான் நான் அழைத்திருந்தேன்.

இசக்கிதுரை அண்ணாச்சி வயலை விற்றுவிட்டு, மகனோடு சென்னைப் பக்கம் போலீஸ் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். முத்துச்செல்வி பிரசவத்துக்குச் சிவகிரிக்குப் போனவள், பிள்ளை பிறந்தும் திரும்பவில்லை. வீரபாகு ஒற்றை ஆளாகப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, போன ஆடியில் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு எங்கேயோ போனான். அபர்ணா கோயம்புத்தூரில் இருக்கிறாள். என் மருமகன் தங்கமானவர். மாதம் ஒரு தடவை அவரே போன் போட்டு, “அவ நல்லா இருக்கா அத்தை, பேசத்தான் மாட்டேங்கா” என்பார். அதில் முதல் பாதியைத் தெருவில் எல்லோருக்கும் சொல்லுகிறேன்.