கொல்லி எழுபது

மலை ஏறினால் எனக்கு வாந்தி வரும் அய்யா. பஸ்ஸில் மூன்றாவது வளைவிலேயே தலை சுற்றிவிடும்.

கொல்லிமலையில் அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளின் விவரம் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். போடும்போது, பின்னால் தானாக ஓடும் வேலைகளுக்கென்று ஐந்து கணக்குகள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். நான் ஐந்துக்கும் 'கொல்லி70' என்று ஒன்றையே வைத்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவு, மலையில் யாருக்கு மறக்கும்? கொஞ்சம் காற்றடித்தால் அங்கே கரண்டு போய்விடும். நர்ஸ் வனிதா உடனே கூப்பிடுவாள். "பூபதி சார், மறுபடியும் நின்னுபோச்சுங்க." போனிலேயே சொல்லி ஓடவைத்துவிடுவேன். நான் மலை ஏற வேண்டியதில்லை.

பழகிப் பார்க்க ஒரு நகலும் வைத்திருந்தேன். அதற்கும் அதே பாஸ்வேர்டு. மார்ச்சில் ஒரு மத்தியானம், ராசிபுரத்தில் என் வீட்டில் உட்கார்ந்தபடி, நகலில் மூன்று நாளுக்கு முந்தைய பேக்கப்பை ஏற்றிப் பார்த்தேன். திறந்திருந்தது நகல் அல்ல, அசல். பாஸ்வேர்டு வேறாக இருந்திருந்தால் உள்ளேயே விட்டிருக்காது. அதன் பின் ஏற்றிய மூன்று நாள் பதிவுகள் போய்விட்டன.

வனிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நோயாளிகள் சொன்னதை முதலில் எழுதிவைக்கும் காகிதச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்றியிருப்பாள். சீட்டுகளைச் சனிக்கிழமைதான் எரிப்பார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்று நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். யார் எப்போது நுழைந்தார்கள் என்று ஆஸ்பத்திரிக் கணினியில் இருந்த குறிப்பையும் அழித்தேன். அதற்கும் அதே பாஸ்வேர்டுதான்.

ஒன்பதாம் நாள், மலைமேல் உள்ள அரியூர் நாட்டிலிருந்து பாப்பாயியைத் தூக்கி வந்தார்கள். காலில் மண்வெட்டி வெட்டு, பாதி மயக்கம். டாக்டர் திரையைப் பார்த்தார். ஆகாத மருந்து என்ற இடம் காலியாக இருந்தது. ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அவள் புருஷன் செல்லமுத்து விசாரணையில் சொன்னான்: "அந்த ஊசி ஆகாதுன்னு, அதுக்குப் பத்து நாள் முந்தி வந்தப்பவே சொன்னமுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி ஒவ்வொருக்காவும் சொல்ல வேண்டாம்னு சிஸ்டர்தான் சொன்னாங்க."

வனிதா என்னைப் பார்த்தாள். "நான் ஏத்துனேங்க சார். நீங்களாவது சொல்லுங்க."

பதிவு எதுவும் இல்லை என்றேன். அது உண்மைதானே.

அவளுக்கு வேலை போயிற்று, கேஸும் நடக்கிறது. பாவம், நல்ல பெண். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "நாந்தான் மறந்துட்டனோ என்னமோங்க சார்" என்றாள். வேலைப்பளுவில் சில நேரம் அப்படி ஆகும்மா என்று ஆறுதல் சொன்னேன். அன்று எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

நேற்று என் லேப்டாப்பை எடுத்துப் போனீர்கள். அதில் நான் அழிக்க மறந்த குறிப்பைப் பார்த்துவிட்டீர்கள். ஆமாம் அய்யா, வனிதா ஏற்றினாள், நான் அழித்தேன், பாப்பாயி செத்தாள். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் நீங்கள் பாஸ்வேர்டு கேட்கவே இல்லை, 'கொல்லி70' என்று போட்டதும் முதல் தடவையிலேயே திறந்துவிட்டது. எல்லாருக்கும் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.