என் பாதிச் சுவர்

பழைய செங்கல்லைச் சுத்தம் செய்யச் சுத்தியல் தேவையில்லை. அந்தக் காலத்துச் சுவர்களில் சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தியால் சுரண்டினாலே உதிர்ந்துவிடும். தோட்டத்தில் நடைபாதை போட நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர். சும்மா சொன்னேன்.

என் பெயர் ஞானசம்பந்தம். வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் கட்டட வேலைகளில் மேற்பார்வையாளனாக இருந்தேன். கிள்ளானில் அந்தப் பழைய வரிசை வீடுகளில் கடைசி வீடு என்னுடையது. அடுத்த வீட்டில் கண்ணம்மாவும் அவள் மகள் ஷாமினியும் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதில் செங்கல் இரண்டு அடுக்கு, ஒன்று என் பக்கம், ஒன்று அவர்கள் பக்கம். ஆக, பாதிச் சுவர் என்னுடையது. எந்த வக்கீலிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுப் பின்பக்கத்து அடுப்படியைக் கரையான் அரித்துவிட்டது. மனைவி இறந்த வருடம் அதை இடித்துவிட்டுத் தோட்டம் போட்டேன். அதனால் அந்த இடத்தில் என் பக்கம் வெறும் வானம். அவர்கள் பக்கம் ஷாமினியின் அறை. அதன் கூரை உத்திரங்கள் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

முதலில் புது சிமெண்ட் கல்லில்தான் பாதை போட்டேன். இடுப்பு வலியோடு மூன்று வாரம். முடிந்ததும் அம்மாவையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னண்ணே, கார் பார்க் மாதிரி இருக்கு" என்றாள் கண்ணம்மா. "பழைய கல்லு போட்டிருக்கலாம்லா. எங்க ரூம்ல பெயிண்ட் உரிஞ்ச எடத்துல தெரியுதே, செவப்பா, அந்த மாதிரி."

ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்தொன்பது வயது. அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் கோபம் என்று எழுதாதீர்கள். அவர்கள் சொன்னது சரி, பாதை அசிங்கமாகத்தான் இருந்தது.

செராஸில் ஒரு கடையில் பழைய செங்கல் விற்கிறார்கள். போய்ப் பார்த்தேன், நல்ல கல்தான். வாங்கவில்லை. கண்ணம்மா சொன்னது அந்தச் சுவரின் கல்லை.

என் பக்கத்துச் சுவரில் வெற்றிலைக் கொடி அடர்ந்திருந்தது. காலையில் கண்ணம்மா தொழிற்சாலை பஸ் ஏறியதும், ஷாமினி காலேஜுக்குக் கிளம்பியதும், கொடியை விலக்கி வேலையை ஆரம்பிப்பேன். ஒரு நாளைக்கு எட்டுக் கல், பத்துக் கல் உருவி, பழைய சிமெண்ட் கல்லைப் பெயர்த்த இடத்தில் பதிப்பேன். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும். கொடியைத் திரும்ப இழுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. கல் எங்கே கிடைத்தது என்று கண்ணம்மா கேட்டபோது, ஜெஞ்சாரோமில் ஒரு கடையை இடித்தார்கள், அங்கிருந்து கொண்டுவந்தேன் என்றேன்.

நவம்பர் மழையில் அவர்கள் பக்கம் கீறல் விட்டது. கண்ணம்மா வேலி ஓரம் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்க வேலை தெரிஞ்சவங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன். புள்ள படுக்கிற எடம், பயமா இருக்கு."

போனேன். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தேன். சத்தம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இல்லை.

"ஈரத்துக்கு சுண்ணாம்பு ஊறும், காஞ்சா சரியாயிடும். ஒன்னும் ஆகாது லா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். குடிக்கும்போதுதான் ஜன்னலோரம் கட்டில் பக்கத்தில் ஒரு வாளி இருப்பதைப் பார்த்தேன். கூரை ஒழுகுகிறதாம். அப்படியானால் கட்டிலைச் சுவரோரம் போட்டுவிடுங்கள், அங்கே நனையாது என்று நான்தான் சொன்னேன். ஷாமினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினோம். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். நல்ல பிள்ளை. மரியாதை தெரிந்தவள்.

திங்கட்கிழமை பிற்பகல் நாலு மணி மழையில் சுவர் அவர்கள் பக்கம் விழுந்தது. செமஸ்டர் லீவு, அவள் படுத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். போம்பா தீயணைப்பு வண்டியை அழைத்தது நான்தான், அதை நீங்கள் பதிவில் பார்க்கலாம். என் தோட்டத்து வழியாக வந்தார்கள். பாதையில் பூட்ஸோடு நடக்காதீர்கள், புல்லில் போங்கள் என்று சொன்னேன். ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கண்ணம்மா தொழிற்சாலைச் சட்டையோடு ஓடிவந்து, என் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் அந்தக் கற்களை அடித்தாள். ஒன்றுகூட அசையவில்லை. பதித்தது நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாற்பத்து மூன்று கல் அடுக்கியிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டீர்கள். இதுவரை நான் பதில் சொல்லவில்லை.

பாதை அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. அதன்பிறகு ஒரு கல்லும் தேவைப்படவில்லை. வியாழக்கிழமை கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சுவர் மெலிந்துபோனதால் அந்தப் பக்கம் பேசுவது பக்கத்தில் நின்று பேசுவது போலவே கேட்கும். ஷாமினி போனில் ஒரு தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு அங்கிள் கார்டன்ல ஒரு பாத் போட்டிருக்காருடி, அவ்ளோ அழகு. கான்வகேஷன் போட்டோ அங்கதான் எடுக்கப்போறேன். ஆன்டி போனதுலேர்ந்து தனியாத்தான் இருக்காரு. எங்களுக்கும் அவர விட்டா யாரு இருக்கா, சொல்லு."

முழுவதையும் நின்று கேட்டேன். அந்த வீட்டில் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபம் துளியும் மிச்சமில்லை.

சுவரின் இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே படுக்க வைத்த கற்கள் இருக்கும், அவை போனால் சுவர் நிற்காது. பாதி என் பக்கம், பாதி அவர்கள் பக்கம். அதுவரை அவற்றை நான் தொட்டதே இல்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, அன்றைக்குத்தான் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.