கடைசிச் சுற்று வரை இருந்தவர்

மலைமேல் அமர்ந்து நம் மண்டபத்து வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கும் பரமசிவன் பாதம் பணிந்து தொடங்குகிறேன்.

இந்தச் சனி, ஞாயிறு சதுரங்கத் திருவிழாவுக்குத் தலைமை ஏற்று, விடியுமுன்னே வந்து மேசைகளைத் துடைத்துவைத்த மாண்பாளர் திருப்பதி அய்யா அவர்களே! பார்வை ஒன்றாலேயே பாதிச் சச்சரவைத் தீர்த்துவிடும் நடுவர், தம்பி செழியன் அவர்களே! போடிமெட்டிலிருந்தும் குரங்கணியிலிருந்தும் முதல் ஜீப்பைப் பிடித்து இறங்கி வந்திருக்கும் மலைச் சொந்தங்களே! பிள்ளையை ஆட அனுப்பிவிட்டு, பிள்ளையைவிட அதிகமாய் வியர்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களே! மண்டபத்தில் சாப்பாடு உண்டு என்ற ஒரே நம்பிக்கையில், இன்று அடுப்பே பற்றவைக்காமல் வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! ரேட்டிங் உள்ள பெரியோர்களே! ரேட்டிங் இல்லாத பெரியோர்களே! அனைவருக்கும் இந்த ரேணுகாவின் அன்பு நிறைந்த வணக்கம்.

அங்கே பின்வரிசையில் என்ன சிரிப்பு? ரேட்டிங் இல்லாதவரையும் பெரியோர் என்றேனே, அதற்கா? சிரியுங்கள் தம்பிகளே, சிரியுங்கள். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நான் மேடை கண்டவள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான் எழுத்தை விடவில்லை. வீட்டுக் கணக்கு எழுதி எழுதிப் பழகிய கை என்பதால், இந்தப் போட்டிக்குப் பெயர் பதியும் வேலையை அய்யா என்னிடம் கொடுத்தார். பெயர் கேட்பேன், வயது கேட்பேன், ஊர் கேட்பேன். கடைசியாக, "ரேட்டிங் எவ்வளவு?" என்று கேட்பேன். அந்தக் கேள்வி வந்ததும் மனிதர்களின் குரல் மாறும், பார்த்திருக்கிறீர்களா? ரேட்டிங் உள்ளவர் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். இல்லாதவர் குனிந்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காமல், "அது… இல்லீங்கம்மா" என்பார். இல்லாததற்கு ஏன் ஐயா இத்தனை கூச்சம்? யாரிடமிருந்து திருடினீர்கள்?

ரேட்டிங் என்றால் என்ன? தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் ஏலக்காயைச் சல்லடையில் இட்டுச் சலிக்கிறோமே! பெருங்காய் மேலே நிற்கும், சிறுகாய் கீழே விழும், அதை வைத்துத் தரம் சொல்வோம். ரேட்டிங்கும் ஒரு சல்லடை. வென்றால் எண் ஏறும், தோற்றால் இறங்கும், மாதம் பிறந்தால் புதுப் பட்டியல் வரும். ஆயிரத்து நானூறுக்குக் கீழே சரிந்தால் பட்டியலிலிருந்தே பெயர் உதிர்ந்துவிடும். ஆனால் ஒன்று. கீழே விழுந்த காய் மறுமாதம் பருத்து மேலேறி வராது. மனிதர் வருவார்! மனிதர் மட்டுமே வருவார்!

சரி, பட்டியலில் இல்லாதவர் உள்ளே நுழைவது எப்படி? பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர்கள் ஐந்து பேரோடு அவர் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடியிருக்க வேண்டும். அதில் கொஞ்சமாவது புள்ளி எடுத்திருக்க வேண்டும். எதிராளி வராமல் போனால் நமக்கு வெற்றி போடுவார்கள், உண்மைதான். அந்த வெற்றி ரேட்டிங்குக்கு உதவாது. ஆக, இருப்பவர் எதிரே வந்து அமர்ந்தால்தான் இல்லாதவருக்கு வாசல் திறக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ராசிங்காபுரத்திலிருந்து பாண்டீஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். ஏலக்காய்க் கிடங்கில் காய் பிரிக்கும் வேலை. கைப்பேசியில் ஆடிப் பழகி, தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, தானும் தேறியவள். வழக்கம்போல் நான் ரேட்டிங் கேட்டேன். இல்லை என்றாள், குனியாமல் சொன்னாள். நான் அந்த இடத்தில் கோடு போடப் பேனாவை எடுத்தேன்.

"அக்கா, கோடு போட்டுராதீங்க. வெறுமனே விட்டு வைங்க."

"ஏன் ஆத்தா?"

"ஒரு ஸ்கூல்ல சாயங்கால வகுப்பெடுக்க ஆள் கேக்குறாக. ரேட்டிங் இருந்தாத்தான் சேப்பாகளாம். இந்த மாசம் விட்டா வேற ஆளப் போட்டுருவாக. கிடங்குத் தூசி எனக்குச் சேரலக்கா. ராத்திரி ஒக்காந்தபடியே தூங்குறேன்."

சொல்லிவிட்டு இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். இங்கிருக்கும் பாதித் தாய்மார்களுக்குத் தெரியும். நான் கோடு போடவில்லை.

இன்னொருவர் கோட்டைச்சாமி அண்ணன். அண்ணே, எங்கே இருக்கிறீர்கள்? தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம், துண்டு தெரிகிறது! மெட்டுக்கு ஜீப்பு ஓட்டும் அண்ணன், நம் ஊரில் முதல்முதலாக ரேட்டிங் வாங்கியவர். வாங்கியதும் என்ன செய்தார்? ஜீப்பின் பின்கண்ணாடியில் குலசாமி பெயருக்குக் கீழே அந்த எண்ணை எழுதிவிட்டார். முந்தல் செக்போஸ்டில் காவலர் மறித்தார்.

"என்னய்யா இது, வண்டிக்கு ரெண்டு நம்பரு?"

"அது வண்டி நம்பர் இல்ல சார். எனக்கு ஒலக அளவுல போட்ட மார்க்கு."

"அப்படியா? பாஸா, ஃபெயிலா?"

கைதட்டல் போதும், போதும்! அண்ணன் முகம் சிவக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு அவர் இங்கே வந்தபோது அந்த எண் தேய்ந்து தேய்ந்து, ஆயிரத்து நானூறின் விளிம்பில் வந்து நின்றிருந்தது. இன்னும் ஒரு தோல்வி, பெயர் போய்விடும் என்று அவரே கணக்குப் போட்டுவைத்திருந்தார். ஞாயிறு மதியம் பந்தியில் நான்தான் சாம்பார் ஊற்றினேன். அண்ணன் இலையில் கை வைக்கவே இல்லை.

பந்தி முடிந்தது. அதன்பின் நடந்தது என்ன? ரேட்டிங்காரர்கள் ஒவ்வொருவராய் நழுவினார்கள். "வீட்டுல அவசரச் சோலிம்மா" என்றார் ஒருவர். "தேனி பஸ்சு போயிரும்" என்றார் இன்னொருவர். பாயசத்துக்கு இருந்தவர்கள் கடைசிச் சுற்றுக்கு இல்லை! நான் அவர்களைத் திட்டவில்லை, தாய்மார்களே. ஒவ்வொரு புள்ளியும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேருந்துப் பயணம், வீட்டில் எத்தனை பேச்சு! ரேட்டிங் இல்லாதவரிடம் தோற்றால் அது கொட்டிப்போய்விடும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஊரே நம்பியது.

பாண்டீஸ்வரி அதுவரை நான்கு ரேட்டிங்காரர்களோடு ஆடி முடித்திருந்தாள். நல்ல புள்ளியும் எடுத்திருந்தாள். வேண்டியது இன்னும் ஒரே ஒருவர். கடைசிச் சுற்றுக்கு யார் யாரோடு என்று நடுவர் ஒட்டினார். பாண்டீஸ்வரிக்கு எதிரே கோட்டைச்சாமி!

அண்ணன் கையில் ஜீப்புச் சாவி. பக்கத்தில் அவருடைய கூட்டாளி பேச்சிமுத்து. என் மேசைக்கு முன்னால்தான் நின்று பேசினார்கள்.

"மாப்ளே, வெரசா கெளம்பு. அந்தப் புள்ளட்ட தோத்தீன்னா ஒம் பேர அழிச்சுருவாய்ங்க."

"தோப்பேன்னு யார்றா சொன்னா?"

"நேத்துலருந்து அது ஆடுறத நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? தோப்ப. எழுதி வச்சுக்க."

பாண்டீஸ்வரி நேரே அவரிடம் வந்தாள். கெஞ்சினாளா? கண் கலங்கினாளா? இல்லை!

"அண்ணே, இருக்கீகளா, போறீகளா? போறதுன்னா இப்பயே சொல்லிருங்க. வெறும் நாற்காலியப் பாத்துக்கிட்டு ஒக்கார எனக்குத் தெம்பில்ல."

"ஒனக்கு எத்தன ஆச்சு ஆத்தா?"

"நாலு."

அண்ணன் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நான் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சாவியைப் பேச்சிமுத்துவின் கையில் திணித்தார்.

"நீ வண்டிய எடுத்துட்டுப் போ. ஸ்டாண்டுல ஆளுக காத்துக் கெடப்பாக. நான் ஆடிட்டு வர்றேன்." அவளிடம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சொல்லிப்புட்டேன். விட்டுக் குடுப்பேன்னு மட்டும் நெனச்சுறாத."

"விட்டுக் குடுத்தீகன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்ணே."

ஆடினார்கள். அடடா, எப்படி ஆடினார்கள்! அண்ணன் குதிரையைப் பாய்ச்சினார். அவள் மந்திரியைக் குறுக்கே நிறுத்தினாள். அவர் யானையை ஏவினார். அவள் சிப்பாயைச் சிறுகச் சிறுக நகர்த்தினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன பிள்ளையைப் பார்ப்பதுபோல அவள் அந்தச் சிப்பாயைப் பார்த்தாள். அது கடைசிக் கட்டத்தில் கால் வைத்து ராணியாகி எழுந்தபோது, அண்ணன் தன் ராஜாவை மெல்லச் சாய்த்தார். எழுந்து நின்று கை கொடுத்தார். "நல்லா ஆடுன ஆத்தா" என்றார்.

பிறகு நடுவரிடம் போனார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, எம் பேர எப்ப எடுப்பாக? அடுத்த மாசமா?"

செழியன் விழித்தார். "எதுக்குண்ணே எடுக்கணும்?"

"இந்தப் புள்ளட்ட தோத்துட்டேனேப்பா."

"அவுகளுக்கு ரேட்டிங்கே இல்லையேண்ணே. இந்த மாதிரிப் போட்டியில ரேட்டிங் இல்லாதவுகளோட ஆடுனா ஒங்க கணக்குல ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. ஒங்க பேரு அங்கயேதான் இருக்கு. விதியிலயே இருக்கே, யாரும் படிக்கலையா?"

அண்ணன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். பிறகு வயிற்றைத் தடவினார்.

"அட! அப்ப நான் மத்தியானச் சோறு தின்னுருக்கலாமேய்யா!"

ஆமாம், இன்று சிரிப்பதுபோல்தான் அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் விளக்கேற்றிய பிறகு அது என்னை விடவில்லை. பட்டியலைக் கேட்டால், கோட்டைச்சாமி எதையும் இழக்கவில்லை என்று சொல்லும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருத்தி வீட்டிலிருந்த பாலையெல்லாம் சொம்பில் எடுத்துக்கொண்டு அபிஷேகத்துக்கு ஓடுகிறாள். நடை சாத்திவிட்டது, பாலோடு திரும்பி வருகிறாள். அவள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்வீர்களா? எந்தத் தெய்வம் சொல்லும்? அண்ணன் சாவியைக் கொடுத்த நேரத்தில், தன் பெயர் போகிறது என்று முழுதாக நம்பித்தான் கொடுத்தார். பெருமையைக் கொடுத்தார், பின்கண்ணாடி எண்ணைக் கொடுத்தார், பசியையும் சேர்த்துக் கொடுத்தார். திரும்பி வந்தது இறைவன் கருணை. கொடுத்தது கொடுத்ததுதான்!

மறுமாதப் பட்டியலில் பாண்டீஸ்வரியின் பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பும் கிடைத்தது. அதோ, மூன்றாவது வரிசையில் தன் மாணவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள். கிடங்கை விட்டாயிற்று. இருமல் முழுக்க விடவில்லை. ஆனால் இப்போது படுத்துத் தூங்குகிறாளாம். எழுந்து நில் ஆத்தா, ஊர் உன்னைப் பார்க்கட்டும்!

ரேட்டிங் உள்ள என் சகோதரர்களே! இப்போது உங்களுக்கு விதி தெரிந்துவிட்டது. ரேட்டிங் இல்லாதவரோடு ஆடினால் உங்களுக்கு நட்டம் இல்லை. நட்டம் இல்லை என்று தெரிந்தபின் உட்கார்ந்திருப்பது பெரிய காரியமா? நான் கேட்க வந்தது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சென்ற ஆண்டு பட்டியலில் இல்லாதவர்கள் பலர் இந்த ஆண்டு இருப்பவர்கள். சின்ன எண்ணும் பெரிய திறமையுமாக வந்திருக்கிறார்கள். இன்று பாண்டீஸ்வரியிடம் தோற்றால் மெய்யாகவே புள்ளி போகும். இந்த வாண்டுகளிடம் தோற்றால் மெய்யாகவே போகும். போகட்டும்! போனாலும் இருங்கள்! பயந்தாலும் இருங்கள்! பாயசத்துக்குப் பிறகும் இருங்கள்! ஏறி வந்தவர் எழுந்து போய்விட்டால், ஏற வருகிறவர் யார் தோளில் கை வைப்பார்?

என்ன அண்ணே? மைக் இல்லாமலே கேட்கிறதே! "நான் இருக்கேன் தங்கச்சி, நேத்தே சோறும் தின்னுட்டேன்" என்கிறார் கோட்டைச்சாமி அண்ணன். நேற்றுத் தின்ற சோறு இன்றைக்குக் காணாது, பந்திக்கு வந்துவிடுங்கள்.

முடிக்கிறேன். தலைவர் அய்யா கைக்கடிகாரத்தைத் திருப்புவது தெரிகிறது. ஒரு செய்தி மட்டும் பாக்கி. பாண்டீஸ்வரியின் சாயங்கால வகுப்பில், பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசிப் பெஞ்சில் இந்த ஓராண்டாக ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். சமையலை முடித்து, சாமி கும்பிட்டு, ஓடிவந்து உட்காருவாள். வாத்தியாரம்மாவிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவளும் அவளே. நேற்று இரவு எல்லாப் பெயரும் பதிந்து முடித்தபின் அவள் பெயரையும் பதிந்தேன். பெயர் ரேணுகா. ஊர் போடிநாயக்கனூர். ரேட்டிங் இல்லை. குனியாமல்தான் எழுதினேன்.

இந்த இரண்டு நாளில் உங்களில் யாரோ சிலர் என் எதிரே அமரப்போகிறீர்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம், வெளுத்து வாங்குங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். நானும் போக மாட்டேன்.

இடம் தந்த மண்டபத்தாருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இத்தனை நேரம் கரகரக்காமல் காத்த இந்த மைக்குக்கும் என் நன்றி. பரமசிவன் துணையிருக்க, காய்களை அடுக்குங்கள். வணக்கம்!